பல துறை மாணவர்களை இணையத்தில் கூடிக் கற்கவைக்க எந்த வழி: எழுத்தா, நேரலையா, பாவனை நோயாளியா?

மருத்துவ மாணவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை பிற்பகலில் வகுப்பு இல்லை. அதே நேரத்தில் செவிலிய மாணவர்கள் வார்டில் இருப்பார்கள், மருந்தியல் மாணவர்கள் ஆய்வகத்தில் இருப்பார்கள். இயன்முறை மருத்துவம் படிப்பவர்களின் கல்லூரியோ வேறு வளாகத்தில் இருக்கிறது. இந்த நால்வகை மாணவர்களையும் ஒரே அறையில் ஒன்றரை மணி நேரம் உட்காரவைக்க முயன்ற எவருக்கும் கால அட்டவணை எப்படிப்பட்ட எதிரி என்பது தெரியும். துறைகள் கூடிக் கற்கும் வகுப்புகள் இணையத்துக்கு நகர்ந்ததற்குப் பெருந்தொற்று ஒரு காரணம் என்றால், அவை அங்கேயே தங்கிவிட்டதற்கு இந்த அட்டவணைதான் காரணம்.

இணையத்தில் நடத்தலாம் என்று முடிவானபின் குழு கூடும். மேசையில் பெரும்பாலும் நான்கு யோசனைகள் இருக்கும்: பதிவுசெய்த பாடம், ஒரு வார எழுத்துவழிக் கலந்துரையாடல், காணொளியில் சிறு குழுக் கூட்டம், கணினித் திரையில் பாவனை நோயாளி. நான் செவிலியம் கற்பிப்பவள். கடைசி மூன்றையும் நெறியாளராக இருந்து நடத்தியிருக்கிறேன். எந்த மென்பொருளை வாங்குவது என்ற கேள்வியிலேயே இந்தக் கூட்டங்களின் நேரம் கரைந்துபோவதைப் பார்த்து வருந்தியும் இருக்கிறேன். எதைத் தேர்ந்தாலும் வகுப்பைக் காப்பதும் கெடுப்பதும் நெறியாளரின் கையில் இருக்கிறது. ஆகவே இந்த ஒப்பீட்டை அவருடைய இருக்கையில் உட்கார்ந்தே செய்கிறேன்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட செயல்வரைவு, இந்தக் கல்வியை மூன்று உறவுகளால் வரையறுக்கிறது. இரண்டோ அதற்கு மேலோ தொழில்களைச் சேர்ந்த மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்க வேண்டும். இந்தக் கல்வியை வளர்க்கப் பிரிட்டனில் 1987இல் தொடங்கப்பட்ட கெய்ப் அமைப்பின் வரையறையும் இவற்றைத்தான் சொல்கிறது. மூன்றில் 'இடமிருந்து' என்பதே கடினமானது. அதனால் எந்த வடிவத்தைப் பார்த்தாலும் நான் கேட்பது இதுதான்: இங்கே ஒரு மாணவர் தனக்குத் தெரியாத ஒன்றுக்காக வேறு துறை மாணவரை நாடியே ஆகவேண்டிய கணம் எப்போது வருகிறது?

பதிவுசெய்த பாடத்தில் அந்தக் கணம் வருவதே இல்லை. 120 பேர் ஒரே காணொளியைப் பார்த்து, ஒரே வினாத்தாளுக்கு விடையளித்து, ஒரே சான்றிதழைப் பெறுகிறார்கள். அடுத்தவர் துறையைப் பற்றி ஏதோ தெரிந்துகொள்கிறார்கள். முன்வாசிப்பாக 20 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். அதையே முழு வகுப்பு என்று கணக்குக் காட்டுவதை நான் எதிர்க்கிறேன்.

மற்ற மூன்றுக்கும் போகுமுன் நோயாளிக் கதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கதை சரியாக அமையாவிட்டால் எந்த வடிவமும் உதவாது. நான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஒரு கற்பனை நோயாளி: பக்கவாதத்துக்குப் பிறகு வீடு திரும்பவிருக்கும் 72 வயது மூதாட்டி. அவரைப் பற்றிய முழு விவரத்தையும் எல்லோருக்கும் தருவதில்லை. ரத்த அழுத்தத்துக்கு மெல்ல மெல்ல மருந்தை வெளியிடும் வகை மாத்திரை எழுதப்பட்டிருப்பது மருத்துவ மாணவரின் தாளில் மட்டும் இருக்கும். விழுங்கச் சிரமப்படுவதால் மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கிறார்கள் என்பது செவிலிய மாணவரின் தாளில் இருக்கும். காலைப் பயிற்சியின்போது எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறது, மாலையில் அப்படி இல்லை என்பது இயன்முறை மாணவரின் தாளில். அந்த வகை மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுவதும் வெளியாக வேண்டிய மருந்து ஒரேயடியாக உடலில் சேரும் என்பது மருந்தியல் மாணவருக்குப் படிப்பிலிருந்தே தெரியும், ஆனால் பொடிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நால்வரும் பேசினால் தலைசுற்றலுக்குக் காரணம் கிடைக்கும். ஒருவர் வாய் திறக்காவிட்டாலும் கிடைக்காது.

இது புதிய உத்தி இல்லை. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், இனவாரிப் பிரிவினை நீக்கப்பட்டபின் வகுப்பறையில் எழுந்த பகையைத் தணிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் வகுத்தது. பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். ஒருவருக்கு மற்றவர் தேவைப்பட்டார்கள். அதற்கு முன்பே 1954இல் உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட், இரு பிரிவினரை வெறுமனே சந்திக்கவைத்தால் முன்முடிவுகள் கரையாது என்று எழுதியிருந்தார். சமமான நிலை, பொதுவான இலக்கு, ஒத்துழைத்தால்தான் முடியும் என்ற நிலைமை, மேலிடத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்றார். மருத்துவமும் செவிலியமும் படிப்பவர்களை ஒரு காணொளிக் கூட்டத்தில் சேர்த்துவிட்டு 'பேசுங்கள்' என்று சொல்பவர்கள் இந்த நான்கில் ஒன்றையும் ஏற்பாடு செய்வதில்லை.

இப்போது எழுத்துவழிக் கலந்துரையாடல். மூடில் போன்ற இணையக் கற்றல் தளத்தில் ஒரு குழு, ஒரு கதை, ஐந்து நாள். பலருக்கும் இது பழைய காலத்து வழியாகத் தெரிகிறது. எனக்கு இதன்மேல் தனி மதிப்பு உண்டு, காரணம் எளியது: குரல் சமமாகிறது. நேரில் பேசும்போது தயங்கும் மாணவர், இரவு பத்து மணிக்கு யோசித்து, அடித்துத் திருத்தி, ஆறு வரியில் எழுதும்போது தயங்குவதில்லை. வார்டில் எட்டு மணி நேரம் ஒரு நோயாளியோடு இருப்பவர் என்னவெல்லாம் கவனிக்கிறார் என்பதை ஒரு செவிலிய மாணவர் எழுதியபோது, கீழே ஒரு மருத்துவ மாணவர் "இதை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை" என்று பதில் எழுதினார். நேரலையில் அந்த ஆறு வரியை அவர் சொல்லியிருக்க மாட்டார். இணைப்பு வேகம் குறைந்தவர்களுக்கும், வார்டுப் பணி நேரம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கும் இந்த வழி கதவைத் திறந்து வைக்கிறது.

இதன் நோயும் எனக்குத் தெரியும். முதல் பதிவு நீளமாகவும் உறுதியாகவும் வந்துவிட்டால் கலந்துரையாடல் அங்கேயே முடிந்துவிடுகிறது. அடுத்த ஏழு பேரும் "ஒத்துக்கொள்கிறேன், நல்ல கருத்து" என்று எழுதிவிட்டு வருகைப் பதிவை வாங்கிப் போய்விடுவார்கள். அந்த முதல் பதிவு பெரும்பாலும் மருத்துவ மாணவருடையதாக இருக்கிறது. அவரைக் குறைசொல்ல முடியாது, முடிவெடுப்பவர் நீதான் என்று முதல் ஆண்டிலிருந்தே அவருக்குச் சொல்லிவந்திருக்கிறோம். நான் கண்ட மருந்து, முதல் நாளில் விடைகளைத் தடைசெய்வது. முதல் நாள் கேள்வி மட்டும்தான் எழுதலாம், அதுவும் வேறொரு துறையை விளித்துத்தான் எழுத வேண்டும். "மருந்தியல் நண்பருக்கு: இந்த நான்கு மருந்துகளில் எதை உணவோடு தரலாம்?" என்று கேட்ட மாணவர், பதில் வந்ததா என்று மறுநாள் தானாகவே திரும்பி வந்து பார்க்கிறார்.

எழுத்துவழியில் நெறியாளரின் வேலை கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதற்கு நேரம் ஒதுக்கப்படுவதும் இல்லை. ஜில்லி சால்மன் இணையவழி நெறியாளருக்காக ஐந்து படிகளை வகுத்தார். உள்ளே நுழைதல், பழகுதல், தகவல் பரிமாறுதல், சேர்ந்து அறிவை உருவாக்குதல், தன் கற்றலைத் தானே மேலெடுத்துச் செல்லுதல் என்ற வரிசையில் அவை வருகின்றன. குழுக்கள் தடுமாறுவது இரண்டாம் படியில்தான். தங்களைப் பற்றி எதுவும் சொல்லிக்கொள்ளாத எட்டுப் பேரை நேராக நோயாளிக் கதைக்குள் தள்ளிவிடுகிறோம். "என் துறையைப் பற்றி மற்றவர்கள் தவறாக நினைப்பது என்ன?" என்ற ஒரே கேள்விக்கு முதலில் ஆளுக்கு மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். இயன்முறை மருத்துவ மாணவர்கள் பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருப்பதெல்லாம் வெளியே வரும்.

நேரலைக்கு வருவோம். ஜூம் போன்ற செயலியில் 90 நிமிடம், குழு அறைகளில் எட்டுப் பேர். குரல், முகம், இடைமறிப்பு, தயக்கம், சிரிப்பு எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. ஒருவரோடு ஒருவர் கற்பது இங்கே நடக்கும். சில திறன்களை எழுத்தில் பழகவே முடியாது. நோயாளியின் நிலை மோசமாகும்போது தொலைபேசியில் மருத்துவரை அழைத்து நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் சொல்லும் எஸ்பார் முறை அப்படிப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்த முறை அது. அதன் கடைசிப் பகுதியான பரிந்துரையில்தான் செவிலிய மாணவரின் குரல் தாழ்ந்துபோகிறது. "நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்" என்பதை ஒரு மருத்துவ மாணவரின் காதில் விழும்படி உரக்கச் சொல்லிப் பழக நேரலை வேண்டும்.

ஆனால் நேரலையில் வீணாகும் நேரத்தின் அளவு என்னைத் திகைக்கவைக்கிறது. இணைய ஐந்து நிமிடம், அறை பிரிக்க ஐந்து நிமிடம், யார் முதலில் பேசுவது என்ற மௌனம் ஐந்து நிமிடம், திரும்பி வந்து பொது அறையில் ஒவ்வொரு குழுவும் அறிக்கை வாசிக்க அரைமணி நேரம். அந்த அறிக்கை வாசிப்பை முழுவதுமாக விட்டுவிடலாம். அதை மற்றக் குழுக்கள் கேட்பதில்லை. அறைக்குள் நுழைந்ததும் யார் முதலில் பேச வேண்டும் என்பதையும் தாளிலேயே அச்சிட்டுவிடலாம். நான் எப்போதும் குழுவில் எண்ணிக்கை குறைந்த துறையைத்தான் முதலில் பேசவைக்கிறேன். மருத்துவ மாணவர் கடைசியில் பேசுவார். இந்தச் சிறு மாற்றம் அறையின் எடையையே மாற்றுகிறது.

திரையில் தெரியும் பெயரையும் கவனியுங்கள். 'டாக்டர்' என்ற முன்னொட்டோடு சிலரும் வெறும் பெயரோடு சிலரும் இருந்தால் ஆல்போர்ட் சொன்ன முதல் நிபந்தனை வாசலிலேயே உடைந்துவிடுகிறது. எல்லோருக்கும் பெயரும் துறையும் மட்டும் போதும். நெறியாளரும் மருத்துவ மாணவரை "டாக்டர்" என்றும் மற்றவரைப் பெயர் சொல்லியும் அழைக்கக் கூடாது. குழு அறைகளைப் பதிவு செய்யவும் கூடாது. தெரியாது என்று ஒத்துக்கொள்வதற்கான தைரியம் பதிவுப் பொத்தானின் சிவப்புப் புள்ளியைக் கண்டதும் போய்விடுகிறது. எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் பணிக்குழுக்களை ஆராய்ந்து விளக்கிய உளப் பாதுகாப்பு (தெரியாததைச் சொன்னாலும் இழிவு நேராது என்ற நம்பிக்கை) என்பதன் நடைமுறை வடிவம் இப்படிப்பட்ட சிறு விஷயங்கள்தான்.

பாவனை நோயாளியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். திரையில் ஒரு வார்டு, மாறிக்கொண்டிருக்கும் நாடித்துடிப்பு, மாணவர் எடுக்கும் முடிவுக்கேற்ப நகரும் கதை. பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும், குழுக்கள் எளிதில் மயங்கும். கற்றல் நடப்பதோ அதற்குப் பின்வரும் அலசலில். 20 நிமிடக் காட்சிக்கு 40 நிமிட அலசலும் அதை நடத்தப் பயின்ற ஒருவரும் இல்லையென்றால் அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம். பெரும்பாலான மென்பொருள்கள் ஒரே ஆளை முடிவெடுக்கவைக்கின்றன, மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒரு மனிதரைக் காணொளியில் உட்காரவைப்பது எனக்கு மேலானதாகப் படுகிறது. நால்வரும் தொலைமருத்துவ முறையில் அவரிடம் பேசலாம். அவர் முடிவில், "நீங்கள் நால்வரும் என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள்" என்று சொல்வார். எந்த மென்பொருளும் அந்த வாக்கியத்தைச் சொல்லாது. இறுதியாண்டு மாணவர்களுக்கு, ஏற்கெனவே ஒருமுறை கூடிக் கற்றவர்களுக்கு, இது நல்ல வழி. முதல்முறை சந்திப்பவர்களுக்கு வேண்டாம்.

யார் நடத்துவது என்ற கேள்வியில் பலரும் செலவைத் தவறாகக் கணக்கிடுகிறார்கள். 50 மருத்துவம், 40 செவிலியம், 20 மருந்தியல், 10 இயன்முறை, ஆக 120 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேராகப் பிரித்தால் 15 குழுக்கள். எழுத்துவழியில் ஒரு நெறியாளர் மூன்று குழுக்களைப் பார்த்துக்கொள்கிறார், ஒரு குழுவுக்கு நாளுக்கு 20 நிமிடம், ஐந்து நாள். ஆளுக்கு ஐந்து மணி நேரம், ஐந்து பேருக்கு 25 மணி நேரம், தயாரிப்புக்கு ஆளுக்கொரு மணி சேர்த்தால் 30. நேரலையில் அறைக்கு ஒருவர் என்றால், 90 நிமிடத்தோடு தயாரிப்பும் பின்பேச்சும் சேர்த்து ஆளுக்கு இரண்டரை மணி, மொத்தம் 37.5. எழுத்துவழி மலிவு என்ற எண்ணம் எவ்வளவு பிசகு என்பது இதில் தெரியும். அறைக்கு இருவர் என்றால் 75. ஒருவரே மூன்று அறைகளில் மாறி மாறி நுழைந்து வெளியேறினால் 12.5 மணி நேரம்தான் ஆகும், அதனால்தான் நிர்வாகம் அதை விரும்புகிறது. அப்படி அலையும் நெறியாளர் எந்த உரையாடலின் நடுவிலும் இருப்பதில்லை. அவர் நுழைந்ததும் அறை அமைதியாகிவிடும், வெளியேறியபின்தான் பேச்சு தொடரும்.

இருவர் நடத்துவதற்குத்தான் என் வாக்கு, அந்த இருவரும் வெவ்வேறு துறையினராக இருக்க வேண்டும். ஒரே துறை நெறியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கேள்வி தன் துறைப் பக்கம் சாயும்போது தானே விடை சொல்லிவிடுகிறார். புண் பராமரிப்பைப் பற்றி ஒரு மருத்துவ மாணவர் கேட்டபோது நானே விளக்கிவிட்டேன், அதே அறையில் அதைச் சொல்லக்கூடிய செவிலிய மாணவர் மூவர் இருந்தார்கள். பக்கத்தில் இருந்த மருந்தியல் ஆசிரியர் அடுத்த கேள்வி வந்ததும், "இதை நீங்கள் இந்த அறையில் யாரிடம் கேட்பீர்கள்?" என்று திருப்பிவிட்டார். மேலும், கருத்து வேறுபட்டால் இரண்டு ஆசிரியர்கள் எப்படி மரியாதையோடு பேசி முடிக்கிறார்கள் என்பதை மாணவர்கள் கண்ணால் பார்ப்பது எந்த விரிவுரையிலும் கிடைக்காது.

ஆள் போதாது என்றால் இரண்டாமவராக மூத்த மாணவரைச் சேர்க்கலாம். சென்ற ஆண்டு இதே வகுப்பில் இருந்தவர், ஆசிரியருடையதல்லாத வேறொரு துறையைச் சேர்ந்தவர். அவருக்கு மௌனம் எங்கே விழும் என்பது நினைவில் இருக்கும். அவரைத் தனியாக விடுவதை மட்டும் நான் ஏற்கவில்லை. துறைகளுக்கிடையே உரசல் எழுந்தால், தன்னைவிட ஓராண்டே இளையவர்கள் முன் அதைத் தாங்கிப் பிடிக்கும் பாரத்தை அவர்மேல் வைக்கக் கூடாது.

அதே 120 பேரின் கணக்கில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 15 குழுக்களுக்குப் பத்து இயன்முறை மாணவர்கள் போதமாட்டார்கள். பத்துக் குழுக்களாக்கினால் ஒவ்வொன்றிலும் ஐந்து, நான்கு, இரண்டு, ஒன்று என்று சரியாக வருகிறது. 12 பேர் எழுத்துவழிக்கு ஏற்ற அளவுதான். நேரலைக்கு அதிகம், அங்கே பாதிப்பேர் பேசிக்கொண்டிருக்க மறுபாதி உரையாடல் பெட்டியில் குறிப்பு எழுதட்டும், 30 நிமிடத்தில் இடம் மாறட்டும். தனியாக இருக்கும் அந்த இயன்முறை மாணவர் மட்டும் இரண்டு சுற்றிலும் பேச வேண்டியிருக்கும். முன்கூட்டியே அவரை அழைத்து இதைச் சொல்லிவிடுவது நெறியாளரின் கடமை. ஒரு துறை முழுவதன் சார்பாக நிற்பது இருபது வயதில் எளிதான காரியமில்லை.

ஆக, முதல்முறை கூடும் மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இது. மூன்று நாள் எழுத்துவழி: முதல் நாள் அறிமுகமும் கேள்விகளும், மற்ற இரு நாள் தாள்களில் உள்ளதைப் பகிர்தல். பிறகு 90 நிமிட நேரலை: ஓர் ஆசிரியர், ஒரு மூத்த மாணவர், வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தைச் சேர்ந்து எழுதுதல், ஓர் எஸ்பார் அழைப்பு. ஐந்து ஆசிரியர்கள் பத்துக் குழுக்களின் எழுத்துவழியைப் பார்த்துக்கொள்ள 15 மணி நேரம், பத்து ஆசிரியர்கள் நேரலையில் இருக்க 25 மணி நேரம். அறைக்கு இரண்டு ஆசிரியர் என்ற திட்டத்தின் 75 மணியைவிட இது நிர்வாகத்திடம் வாதாடிப் பெறக்கூடிய எண். எல்லோருக்கும் பொதுவான நேரம் அறவே கிடைக்காவிட்டால் ஐந்து நாள் எழுத்துவழியோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் எஸ்பார் அழைப்பை மட்டும் இருவர் இருவராகத் தொலைபேசியில் செய்யச் சொல்லுங்கள். நேரலை மட்டுமே சாத்தியம் என்றால் முந்தைய நாளே தாள்களையும் ஒரு கேள்வியையும் அனுப்பிவிடுங்கள்.

முடிவில் மாணவர்களிடம் என்ன கேட்பது என்பதும் தேர்வின் ஒரு பகுதி. 1999இல் வந்த ரிப்பில்ஸ் அளவுகோல் கூடிக் கற்கும் ஆயத்தத்தை அளக்கிறது. தொடக்கத்திலேயே பெரும்பாலோர் உயர்ந்த மதிப்பெண் போட்டுவிடுவதால் பிறகு ஏறுவதற்கு இடமிருப்பதில்லை. கூடிப் பணிசெய்யும் திறனைப் பற்றிய ஐக்காஸ் கேள்வித்தாள், வகுப்பு முடிந்தபின் முன்பு எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன் என்ற இரண்டையும் ஒருசேரக் கேட்கிறது. எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது, ஆனாலும் அது மாணவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதுதான். இந்தக் கல்வியால் மருத்துவப் பணியிலும் நோயாளிகளின் நலனிலும் என்ன மாறுகிறது என்று ஆராய்ந்த 2013ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பினுடையது), தன் நிபந்தனைகளுக்குப் பொருந்தியதாக 15 ஆய்வுகளையே சேர்க்க முடிந்தது. அதனால் ஒரு படிவத்தின் சராசரியைக் காட்டி எந்த வழி வென்றது என்று அறிவிக்க நான் துணிய மாட்டேன். நான் பார்ப்பது எழுத்துவழிப் பதிவுகளை. ஒரு துறை மாணவர் வேறு துறையினரிடம் கேட்ட கேள்விகள் எத்தனை, அவற்றில் பதில் கிடைத்தவை எத்தனை, அந்தப் பதில் கடைசித் திட்டத்தில் இடம்பெற்றதா என்று எண்ணுகிறேன். குழுவுக்குப் பத்து நிமிடம் ஆகும். மாத்திரையை இனிப் பொடிக்கக் கூடாது, வேறு வடிவில் மருந்து எழுத வேண்டும் என்ற வரி திட்டத்தில் இருந்து, அதற்கு அருகில் மூன்று துறைகளின் பெயர்களும் இருந்தால் அந்தக் குழுவுக்கு நான் வேறு மதிப்பெண் தேடுவதில்லை.